குப்பைக் கடிதமும் கொள்முதல் கடிதமும்
இ-மெயில் வடிகட்டியைப் பழக்கும் முறை

தபாலில் வந்த உறைகளில் பாதியை முதலாளியிடம் காட்டாமலே குப்பைக் கூடையில் போடுகிற குமாஸ்தாவை எந்த வணிகரும் ஒரு நாள்கூட வேலையில் வைத்துக்கொள்ள மாட்டார். ஆனால் அப்படி ஒரு குமாஸ்தா இன்று நம் ஒவ்வொரு கடையின் கம்ப்யூட்டருக்குள்ளும் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். 'ஸ்பாம் ஃபில்டர்' என்ற இ-மெயில் வடிகட்டிதான் அவர். லாட்டரி விழுந்தது, வெளிநாட்டுச் சொத்து காத்திருக்கிறது, ஆண்மைக்கு மருந்து இருக்கிறது என்று வரும் கடிதங்களையெல்லாம் தடுத்து நிறுத்துகிறார். அதே கையோடு யாங்கூனிலிருந்து வந்த உளுந்து கொட்டேஷனையும் ஓரம் கட்டிவிடுகிறார். அவர் எதைப் போடுகிறார், எதை விடுகிறார் என்று கணக்குக் கேட்கும் பழக்கம் நம் வணிகர்களிடம் இன்னும் வரவில்லை.

வேண்டாத கடிதம் என்பது இ-மெயில் அளவுக்கே பழையது. 1978 மே மாதம் அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனைப் பிரிவினர், தங்கள் புதிய இயந்திரத்தைப் பார்க்க வரும்படி அப்போதைய ஆர்ப்பாநெட் வலையில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார்கள். யாரும் கேட்காமல் மொத்தமாக வந்த முதல் விளம்பரக் கடிதம் அது என்று சொல்கிறார்கள். பலர் கோபப்பட்டார்கள், ஆனாலும் கம்பெனிக்கு வியாபாரம் நடந்தது. அங்கேதான் சிக்கலே. ஒரு கடிதத்துக்கும் ஒரு லட்சம் கடிதத்துக்கும் அனுப்புகிறவனுக்குச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். லட்சத்தில் ஒருவர் ஏமாந்தாலும் அவனுக்கு லாபம். நோட்டீஸ் அச்சடித்து, பையனை வைத்து வீடு வீடாகப் போடுகிற நமக்கு அந்தக் கணக்கு கிடையாது.

வார்த்தையை எண்ணுகிற வேலை

ஆரம்ப கால வடிகட்டிகள் சட்டம் போட்டு நிறுத்துபவை. 'இலவசம்' என்ற சொல் இருந்தால் தள்ளு, எல்லாம் பெரிய எழுத்தில் இருந்தால் தள்ளு என்று ஒவ்வொன்றாகக் கட்டளை எழுத வேண்டும். அனுப்புகிறவன் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டால் கட்டளை தோற்றுவிடும். 1998ஆம் ஆண்டிலேயே ஆராய்ச்சியாளர்கள் சிலர் வேறு வழியைக் காட்டினார்கள். 2002 ஆகஸ்டில் பால் கிரஹாம் என்ற அமெரிக்க மென்பொருள் வல்லுநர் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகுதான் அது எல்லோருக்கும் பரவியது. 1761இல் காலமான தாமஸ் பேய்ஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியாரின் பெயரில் வழங்கும் கணித விதியே அதற்கு அடிப்படை. அதனால் இதற்கு 'பேய்சியன்' வடிகட்டி என்று பெயர்.

பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பேரேடு எழுதத் தெரிந்தவருக்கு இது புரியாத கணக்கு அல்ல. நல்ல கடிதம் 200, குப்பைக் கடிதம் 200 என்று இரண்டு கட்டுகளை வடிகட்டியிடம் கொடுக்கிறோம். எந்தச் சொல் எந்தக் கட்டில் எத்தனை கடிதத்தில் வருகிறது என்று அது எண்ணி வைத்துக்கொள்கிறது. பருப்பு மொத்த வியாபாரி ஒருவரின் கடையை எடுத்துக்கொள்வோம். 'கொட்டேஷன்' என்ற சொல் நல்ல கட்டில் 60 கடிதத்திலும் குப்பைக் கட்டில் 20 கடிதத்திலும் இருக்கிறது. அப்படியானால் அந்தச் சொல் குப்பைக்கு ஒரு பங்கும் நல்லதற்கு மூன்று பங்கும் சாட்சி சொல்கிறது. 'அவசரம்' என்ற சொல் குப்பையில் 40, நல்லதில் 10. இது குப்பைக்கு நாலு பங்கு சாட்சி. 'குவிண்டால்' என்ற சொல் நல்ல கட்டில் 80, குப்பையில் ஒன்றே ஒன்று.

இப்போது 'அவசரம்', 'கொட்டேஷன்' இரண்டும் உள்ள ஒரு புதிய கடிதம் வருகிறது. நாலை மூன்றால் வகுத்தால் குப்பையாக இருக்க நூற்றுக்கு 57 வாய்ப்பு. அதே கடிதத்தில் 'குவிண்டால்' என்ற ஒரு சொல்லும் சேர்ந்துவிட்டால், நல்ல கடிதம் என்பதற்கு அறுபது பங்கு, குப்பை என்பதற்கு ஒரு பங்கு என்று தராசு சாய்ந்துவிடுகிறது. ஒரே ஒரு தொழில் சொல் கடிதத்தைக் காப்பாற்றுகிறது. சென்னையில் மென்பொருள் கம்பெனி நடத்துகிறவரின் வடிகட்டிக்குக் குவிண்டாலும் தெரியாது, கொப்பரையும் தெரியாது, வத்தலும் தெரியாது. அடுத்தவன் வீட்டுச் சல்லடை நம் சரக்குக்கு ஆகாது என்பது இதனால்தான். நம் கடிதங்களைக் கொடுத்துத்தான் நம் வடிகட்டியைப் பழக்க வேண்டும்.

கிரஹாம் தம் கணக்கில் இன்னொன்றும் செய்தார். நல்ல கட்டில் வரும் எண்ணிக்கையை வேண்டுமென்றே இரண்டால் பெருக்கிக்கொண்டார். குப்பை ஒன்று உள்ளே வந்தால் ஒரு விநாடியில் அழித்துவிடலாம், நல்ல கடிதம் ஒன்று வெளியே போனால் திரும்ப வராது என்பது அவர் எண்ணம். வணிகர்கள் இதை அப்படியே பிடித்துக்கொள்ளலாம். இன்னொரு வேடிக்கை: பளிச்சென்ற சிவப்பு நிறத்தைக் குறிக்கும் கம்ப்யூட்டர் குறியீடு, ஆபாசச் சொற்களுக்குச் சமமான குப்பை அடையாளம் என்று அவருடைய கணக்கு காட்டியது. மனிதன் உட்கார்ந்து சட்டம் எழுதியிருந்தால் அது தோன்றியிருக்காது. விழாக் காலத் தள்ளுபடியைச் சிவப்பில் கொட்டை எழுத்தில் போட்டு வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் நண்பர்கள் இதைக் கவனிக்க.

ஐந்து புள்ளிக் கண்

சொந்தப் பெயரில் இணைய முகவரி வாங்கி, ஹோஸ்டிங் கம்பெனியிடம் மெயில் வைத்திருக்கும் வணிகர்கள் பலர் தங்களுக்கே தெரியாமல் 'ஸ்பாம் அசாசின்' என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். 2001இல் வெளிவந்தது. ஒவ்வொரு கடிதத்தையும் பல சோதனைகளுக்கு உட்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டு, கூட்டுத்தொகை 5ஐத் தொட்டால் குப்பை என்று முத்திரை குத்தும். பேய்ஸ் கணக்கும் அந்தச் சோதனைகளில் ஒன்று. குறைந்தது 200 நல்லது, 200 குப்பை கற்றுக்கொள்ளும் வரை அது வாயே திறக்காது. பத்துக் கடிதத்தைக் காட்டிவிட்டு "வேலை செய்யவில்லையே" என்று கைவிட்டுவிடக் கூடாது.

இந்த 5 என்பது சல்லடையின் கண் அளவு. 3 என்று குறைத்தால் குப்பை நிறைய நிற்கும், கூடவே நல்ல கடிதமும் நிற்கும். 8 என்று கூட்டினால் நல்லது எல்லாம் வரும், கொஞ்சம் தூசியும் வரும். 5 என்பது தனி ஒருவருக்குச் சரி, பலருக்குச் சேவை தருகிற நிறுவனங்கள் 8 அல்லது 10 வைப்பது நல்லது என்று அந்த மென்பொருளின் குறிப்பேடே சொல்கிறது. தினமும் புதிய ஆட்களிடமிருந்து விசாரணைக் கடிதம் வருகிற மொத்தக் கடைக்கு 6 அல்லது 7இல் தொடங்கலாம் என்பது என் கருத்து. பழகிய பத்துப் பேரிடம் மட்டும் கொள்முதல் செய்கிற சில்லறைக் கடைக்கு 5 போதும்.

சி-பேனல் என்ற நிர்வாகப் பக்கம் உள்ளவர்கள் அதில் 'ஸ்பாம் ஃபில்டர்ஸ்' என்ற இடத்தைத் திறந்தால் இந்த எண்ணை மாற்றலாம். அங்கே 'தானாக அழித்துவிடு' என்று ஒரு வசதி இருக்கும். அதை உடனே பார்த்து, போட்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். அதற்குப் பதிலாக 'ஸ்பாம் பாக்ஸ்' என்ற தனிப் பெட்டியை இயக்குங்கள். தள்ளிய சரக்கு எங்கே கிடக்கிறது என்று பார்க்க முடியாத வடிகட்டி நமக்கு வேண்டாம்.

எழுதி வைத்த சட்டம் எப்படி ஏமாற்றும் என்பதற்கு இதே மென்பொருளில் ஓர் உதாரணம் உண்டு. எதிர்காலத் தேதியிட்டு வரும் கடிதங்களைச் சந்தேகிக்க அதில் ஒரு விதி இருந்தது. 2010 முதல் 2099 வரையிலான ஆண்டுகள் எல்லாம் தொலைதூர எதிர்காலம் என்று எழுதியவர்கள் நினைத்திருந்தார்கள். 2010 ஜனவரி முதல் தேதி விடிந்ததும், அந்த விதி உலகம் முழுவதும் வந்த நல்ல கடிதங்களுக்கும் மூன்றரைப் புள்ளி வரை அபராதம் போட ஆரம்பித்துவிட்டது. திருத்தத்தை இறக்கிக்கொள்ளாத இடங்களில் புத்தாண்டு வாழ்த்துகள் பல குப்பைக்குப் போயிருக்கும். வாழ்த்தோடு வந்த ஆர்டர்களும்தான்.

பழக்குவதில் நடக்கும் தப்பு

ஜிமெயில், யாஹூ, அவுட்லுக் போன்றவற்றில் மெயில் வைத்திருப்பவர்களுக்குப் புள்ளி எண் கண்ணில் படாது. அங்கே இரண்டு பொத்தான்கள்தான். 'ஸ்பாம்' என்று சொல்வது ஒன்று. குப்பைப் பெட்டிக்குள் போய் 'ஸ்பாம் அல்ல' என்று சொல்வது மற்றொன்று. நம் கடைகளில் முதல் பொத்தானை எல்லோரும் அழுத்துகிறார்கள், இரண்டாவதைத் தொடுகிற ஆள் இல்லை. பேரேட்டில் பற்று மட்டும் எழுதி வரவு எழுதாமல் விட்டால் இருப்பு என்ன ஆகும்? வடிகட்டியின் கதையும் அதேதான்.

அதைவிட மோசமான ஒன்று உண்டு. 'ஸ்பாம்' பொத்தானை, பிடிக்காத கடிதத்தை ஒழிக்கும் பொத்தானாக நினைப்பது. பாக்கி கேட்டு எழுதிய சப்ளையரின் கடிதத்தைப் பார்த்து எரிச்சல் வந்து 'ஸ்பாம்' என்று தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். (பாக்கி அதனால் குறைவதில்லை.) அந்தக் கடிதத்தில் 'லெட்ஜர்', 'நிலுவை', 'பில் எண்', 'செக்' என்ற சொற்கள்தான் இருக்கும். இவையெல்லாம் குப்பைச் சொற்கள் என்று வடிகட்டி பாடம் படித்துக்கொள்கிறது. அடுத்த மாதம் நம் வாடிக்கையாளர் "உங்கள் பில் எண் இன்னதற்குப் பணம் அனுப்பிவிட்டோம், லெட்ஜரில் வரவு வைக்கவும்" என்று எழுதினால் அந்தக் கடிதம் எங்கே போகும்?

நாமே கேட்டு வாங்கிய விலைப்பட்டியல், சந்தை நிலவரக் கடிதம் போன்றவை அலுத்துவிட்டால், அதன் அடியில் உள்ள 'அன்சப்ஸ்கிரைப்' என்பதை அழுத்தி நிறுத்துவதே முறை. முகம் தெரியாதவன் அனுப்பியதில் அதைத் தொட வேண்டாம். "இந்த முகவரியில் ஆள் இருக்கிறது" என்று அவனுக்கு நாமே சொன்னதாக ஆகிவிடும். அதற்கு 'ஸ்பாம்' பொத்தான்தான்.

பழக்குவதற்குக் கொடுக்கும் இரண்டு கட்டுகளும் ஒரே காலத்தவையாக இருக்க வேண்டும். ஐந்து வருஷத்துக்கு முந்தைய நல்ல கடிதங்களையும் இந்த மாதத்துக் குப்பையையும் சேர்த்துக் கொடுத்தால், இந்த வருஷத்துத் தேதியே குப்பையின் அடையாளம் என்று வடிகட்டி எடுத்துக்கொள்ளக்கூடும். நல்ல கட்டில் எல்லா வகையும் இருக்கட்டும்: ஆர்டர், லாரி புக்கிங் ரசீது, வங்கிக் கடிதம், ஆடிட்டர் கடிதம், சங்கச் சுற்றறிக்கை, தமிழில் எழுதும் வாடிக்கையாளரின் கடிதம், தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் எழுதும் வெளிநாட்டு ஏஜெண்டின் கடிதம். கடைசி வகை முக்கியம். இறக்குமதி செய்கிறவர்களுக்கு மியான்மரிலிருந்தும் தான்சானியாவிலிருந்தும் வருகிற கடிதம் பார்வைக்கு மோசடிக் கடிதம் போலவே இருக்கும். நாம் சொல்லித் தராவிட்டால் வடிகட்டிக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை.

வழக்கமான சப்ளையர்களின் முகவரிகளை 'கான்டாக்ட்ஸ்' பட்டியலில் ஏற்றி வையுங்கள். ஜிமெயிலில் அந்த முகவரிக்கு ஒரு ஃபில்டர் உண்டாக்கி, 'ஒருபோதும் ஸ்பாமுக்கு அனுப்பாதே' என்ற கட்டத்தில் டிக் அடிக்கலாம். ஆனால் முழு முகவரியைக் கொடுக்க வேண்டும். சப்ளையர் ஜிமெயில் வைத்திருக்கிறார் என்பதற்காக, ஜிமெயிலிலிருந்து வருவதையெல்லாம் விடு என்று எழுதிவிட்டால் கோடவுன் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கப் போனது போல ஆகும்.

நோட்டீஸ் வந்தால்?

வடிகட்டி விஷயம் வெறும் வசதி சம்பந்தப்பட்டது அல்ல. 2017ஆம் ஆண்டு மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 169ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். பதிவின்போது நாம் கொடுத்த இ-மெயில் முகவரிக்கு அனுப்புவதும் நோட்டீஸைச் சார்பு செய்யும் முறைகளில் ஒன்று என்று அது சொல்கிறது. கடிதம் குப்பைப் பெட்டியில் கிடந்தது என்பது அங்கே எளிதில் எடுபடும் வாதமல்ல. பதிவை ரத்து செய்வதற்கான விளக்கம் கேட்கும் நோட்டீஸுக்கு 7 வேலை நாட்களில் பதில் தர வேண்டும். வாரம் ஒரு முறை குப்பைப் பெட்டியைப் பார்க்கிறவருக்கே அது நெருக்கடி. பார்க்காதவருக்குக் கெடு முடிந்த பிறகுதான் செய்தி வரும்.

இங்கே இன்னொரு பழைய பழக்கத்தையும் சொல்ல வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவில் பலர் கொடுத்திருப்பது கணக்காளரின் இ-மெயில் அல்லது எப்போதோ வேலையை விட்டுப் போன பையனின் இ-மெயில். அந்தப் பெட்டியில் வடிகட்டி என்ன செய்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? போர்ட்டலில் திருத்தம் செய்யும் இடத்தில் முகவரியை மாற்றிக்கொள்ளலாம். கடைக்கென்று ஒரு முகவரி, அதைத் திறக்கும் அதிகாரம் முதலாளிக்கும் ஒரு பொறுப்பான ஆளுக்கும் என்று வைத்துக்கொள்வது நல்லது.

மறுபக்கம், வரி இலாகா பெயரில் வரும் போலி நோட்டீஸ்களும் உண்டு. வடிகட்டி விட்டுவிட்டது, ஆகவே நிஜம் என்று நினைத்து உள்ளே இருக்கும் இணைப்பைத் தொடக் கூடாது. நாமே தனியாகப் போர்ட்டலைத் திறந்து, உள்ளே நுழைந்து, அதே நோட்டீஸ் அங்கே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மத்திய வரி அதிகாரிகளின் கடிதங்களில் 2019 நவம்பர் முதல் 'டி.ஐ.என்.' என்ற ஆவண எண் அச்சிடப்படுகிறது. அது சரியானதுதானா என்பதை மத்திய மறைமுக வரி வாரியத்தின் தளத்திலேயே சரிபார்க்கலாம்.

கம்ப்யூட்டரில் 'பாப்' முறையில் மெயிலை இறக்கிப் படிக்கும் கடைகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. அந்த முறை இன்பாக்ஸை மட்டுமே இறக்கித் தரும். குப்பைப் பெட்டி சர்வரிலேயே கிடக்கும். அப்படி ஒன்று இருப்பதே நம் திரையில் தெரியாது. ஜிமெயிலில் அங்கே கிடப்பவை 30 நாளில் தானாக அழிந்துவிடும். 'ஐமேப்' முறைக்கு மாற்றிவிட்டால் எல்லாப் பெட்டியும் கண்ணுக்கு வரும்.

வடிகட்டியால் முடியாதது

"எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்கில் பணம் கட்டவும்" என்று சப்ளையரிடமிருந்து கடிதம் வருகிறது. உண்மையான முகவரி, உண்மையான பில் எண், வழக்கமான நடை. சப்ளையரின் மெயில் பெட்டிக்குள் திருடன் புகுந்து, பழைய கடிதங்களைப் படித்து, சரக்கு ஏறும் சமயம் பார்த்து எழுதுகிறான். எந்த வடிகட்டியும் இதை நல்ல கடிதம் என்றுதான் சொல்லும், ஏனென்றால் அது கற்ற அத்தனை நல்ல அடையாளமும் இதில் இருக்கிறது. ஏற்கெனவே நம்மிடம் உள்ள போன் நம்பரில் கூப்பிட்டுக் கேட்காமல் ஒரு ரூபாயும் புதிய கணக்குக்குப் போகக் கூடாது. கடிதத்தில் கொடுத்திருக்கும் நம்பரில் கூப்பிட்டால் திருடனே எடுத்து, "ஆமாம் அண்ணாச்சி, மாற்றியாச்சு" என்பான்.

முகவரியை ஒத்த முகவரி வைத்து ஏமாற்றுவதும் உண்டு. ஆங்கிலத்தில் 'ஆர்', 'என்' என்ற இரண்டு சிறிய எழுத்துகளை ஒட்டிப் போட்டால் 'எம்' போலத் தெரியும். இன்வாய்ஸ் என்ற பெயரில் வரும் இணைப்புக் கோப்பு அமுக்கிய கோப்பாகவோ இயங்கு நிரலாகவோ இருந்தால் திறக்கவே வேண்டாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். முதல் சில மணி நேரத்தில்தான் போன பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம்.

நம் கடிதம் அடுத்தவர் வடிகட்டியில்

நாம் அனுப்பும் கொட்டேஷனும் இன்னொருவர் சல்லடையில்தான் விழுகிறது. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் அனுப்புகிறவர்களுக்கு விதிகளை இறுக்கின. சொந்த முகவரியிலிருந்து அனுப்புகிற எவரும் எஸ்.பி.எஃப். அல்லது டி.கே.ஐ.எம். என்ற அடையாளங்களில் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும். ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு இரண்டும் வேண்டும், கூடவே டிமார்க்கும் வேண்டும். பெற்றவர்கள் 'ஸ்பாம்' என்று புகார் செய்யும் அளவு நூற்றுக்கு 0.3ஐத் தொடக் கூடாது.

எஸ்.பி.எஃப். என்பது, நம் பெயரில் கடிதம் அனுப்ப எந்தெந்த சர்வர்களுக்கு அதிகாரம் உண்டு என்று ஊரறிய எழுதி ஒட்டும் பட்டியல். டி.கே.ஐ.எம். என்பது கடிதத்தில் வைக்கும் அரக்கு முத்திரை மாதிரி. வழியில் யாரும் திருத்தினால் முத்திரை பொருந்தாது. இரண்டும் சரியில்லாத கடிதத்தை என்ன செய்வது என்று பெறுகிறவருக்கு நாம் சொல்லும் உத்தரவுதான் டிமார்க். ஹோஸ்டிங் காரரிடம் இந்த மூன்று பெயரையும் சொன்னால் போதும், செய்து தருவார். ஆனால் ஒன்றை மட்டும் நாம்தான் அவருக்குச் சொல்ல வேண்டும்: பில்லிங் சாஃப்ட்வேர் தானாக மெயில் அனுப்புகிறதா, தீபாவளிச் சலுகைக் கடிதத்துக்கு வேறு கம்பெனியின் சேவை வாங்கியிருக்கிறோமா என்ற விவரம். அந்த சர்வர்கள் பட்டியலில் சேராவிட்டால் நம் பில்லே போலிக் கடிதமாகிவிடும். டிமார்க் உத்தரவை முதலில் 'கண்காணிக்க மட்டும்' என்று வைத்து, சில வாரம் அறிக்கைகளைப் பார்த்து, விடுபட்டது ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகே 'தள்ளு' என்று மாற்றச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. ஜிமெயில், யாஹூ, அவுட்லுக் மூன்றிலும் முகவரி வைத்திருக்கும் மூன்று வாடிக்கையாளர்களுக்கு இன்றே ஒரு விலைப்பட்டியல் அனுப்பி, எந்தப் பெட்டியில் விழுந்தது என்று போனில் கேளுங்கள். குப்பையில் விழுந்திருந்தால், அதை எடுத்து 'ஸ்பாம் அல்ல' என்று அழுத்தும்படி அவர்களிடமே சொல்லுங்கள்.